கேக்டஸ் லீக் ஆட்டம் பார்ப்பது எப்படி: தேதி குறிப்பதிலிருந்து கடைசி இன்னிங்ஸ் வரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் பக்கம் குடிவந்த பிறகு ஒவ்வொரு மார்ச் மாதமும் யாராவது ஒரு நண்பரை பேஸ்பால் முன்பருவ ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன். பெரும்பாலும் நான்காவது இன்னிங்ஸில் அதே கேள்வி வரும்: "அந்த நல்ல பேட்டர் எங்கே போனார்? இப்போது ஆடுகிறவர் யார்?" ஒரு நண்பர், தன் பையனுக்குப் பிடித்த ஒரே ஒரு வீரரைக் காட்டுவதற்காக எழுநூறு மைல் பயணம் செய்து வந்தார். அன்று அந்த வீரர் மைதானத்துக்கே வரவில்லை. பையனின் முகம் வாடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த ஆட்டங்களை அணிகள் ஆடுவது ஜெயிப்பதற்காக அல்ல, தயாராவதற்காக. யார் எதற்காகத் தயாராகிறார் என்று தெரிந்துகொண்டு போனால் மூன்று மணி நேரமும் கண் எடுக்க முடியாது. தெரியாமல் போனால் பாதியில் கொட்டாவி வரும். ஆகவே வேலைகளின் வரிசை முக்கியம். எல்லாரும் முதலில் டிக்கெட் வாங்குகிறார்கள். இந்த வழிகாட்டியில் அது நான்காவதாகத்தான் வருகிறது.

கீழே உள்ளது அரிசோனாவின் கேக்டஸ் லீகுக்கானது, அதாவது மேஜர் லீக் அணிகளில் பாதி இங்கே ஆடும் முன்பருவ ஆட்டங்களுக்கானது. 15 அணிகள், 10 மைதானங்கள், எல்லாமே பீனிக்ஸைச் சுற்றி. மற்ற 15 அணிகள் ஃப்ளோரிடாவில் ஆடும். அதற்குப் பெயர் கிரேப்ஃப்ரூட் லீக். அங்கே மைதானங்கள் இரண்டு கடற்கரைகளிலும் சிதறிக் கிடப்பதால் பயணத் திட்டமே வேறு மாதிரி போட வேண்டும். மைதானத்துக்குள் நுழைந்த பிறகு செய்ய வேண்டியவை இரண்டு இடத்துக்கும் பொதுவானவை.

1. எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள்

பிட்சர்களும் (பந்து வீசுகிறவர்கள்) கேட்சர்களும் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கிறவர்கள்) பிப்ரவரி நடுவில் முகாமுக்கு வருவார்கள். மற்ற வீரர்கள் சில நாள் கழித்து வருவார்கள். ஆட்டங்கள் பிப்ரவரி 20-ஐ ஒட்டித் தொடங்கி மார்ச் கடைசி வாரம் வரை நடக்கும். இந்த ஒரு மாதமும் ஒரே மாதிரி இருக்காது.

முதல் பத்து நாளில் முன்னணி வீரர்கள் இரண்டு முறை பேட் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். முதன்மைப் பிட்சர் ஒன்று அல்லது இரண்டு இன்னிங்ஸோடு நிறுத்திக்கொள்வார். தோளும் முழங்கையும் படிப்படியாகத்தான் பழக வேண்டும் என்பதால் அதற்குமேல் விடமாட்டார்கள். இளைய வீரர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் இதுதான் சரியான காலம். கூட்டமும் குறைவு.

மார்ச் நடுவில் பிட்சர்கள் மூன்று, நான்கு இன்னிங்ஸ் வரை போவார்கள். கல்லூரி விடுமுறையும் அதே நேரத்தில் வருவதால் அறை வாடகையும் டிக்கெட்டும் ஏறும்.

கடைசிப் பத்து நாளில்தான் முன்னணி வீரர்கள் ஏழாவது இன்னிங்ஸ் வரை நிற்பதைப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பருவம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அணிகள் அரிசோனாவை விட்டுக் கிளம்பிவிடும், சில அணிகள் சொந்த நகரத்தில் ஓரிரு பயிற்சி ஆட்டம் ஆடும். "கடைசி நாள் வரை இருக்கும்" என்று நம்பி வந்தவர்கள் பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள்.

இன்னொரு தடங்கல், உலக பேஸ்பால் கிளாசிக் போட்டி. 2023, 2026 போல அது நடக்கும் ஆண்டுகளில் பல நட்சத்திரங்கள் மார்ச் முதல் பாதியில் தங்கள் நாட்டு அணிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் பார்க்க விரும்பும் வீரர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலிலேயே பாருங்கள்.

2. ஒரு அணி, ஐந்து பெயர்கள்

அணியைத் தேர்ந்தெடுத்ததும் அதன் வீரர் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பருவத் தொடக்கத்தில் ஒரு அணியில் 26 பேருக்குத்தான் இடம். முகாமில் அறுபது பேர்வரை இருப்பார்கள். 40 பேர் கொண்ட அதிகாரப்பூர்வப் பட்டியலுக்கு வெளியே இருந்து அழைக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. ஒரு காலத்தில் பெரிய பெயர் எடுத்து இப்போது கடைசி வாய்ப்புக்காக வந்திருப்பவர் ஒரு பக்கம், 20 வயதுப் பையன் இன்னொரு பக்கம் என்று எல்லா வகையும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்.

ஐந்து பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் நிச்சயமான நட்சத்திரங்கள். இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறவர்கள், உதாரணமாக, இரண்டாவது கேட்சர் இடத்துக்கு. ஒருவர் காயத்திலிருந்து திரும்புகிறவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "முழங்கை அறுவைக்குப் பிறகு பழைய வேகம் வந்துவிட்டதா?" "புதிதாக மூன்றாவது பேஸில் நிறுத்துகிறார்களே, தாக்குப்பிடிப்பாரா?" (பேஸ் என்பது ரன் எடுக்க வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடம்.) நீங்கள் விடை தேடுகிற கேள்விகள் இவைதான். ஸ்கோர் அன்றைக்கு உங்களுக்கு எதுவும் சொல்லாது.

3. ஹோம் ஆட்டத்தையே தேர்ந்தெடுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மூத்த வீரர்கள் எதிரணி மைதானத்துக்குப் பஸ் ஏறிப் போவது அபூர்வம். வெளியாட்டத்துக்கு வருகிற அணி, முக்கிய வீரர்கள் என்று சொல்லத்தக்க நான்கு பேரையாவது கொண்டுவர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த நான்கு பேரில் உங்கள் ஆள் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. நான் முதலில் சொன்ன நண்பர் வாங்கியிருந்தது வெளியாட்ட டிக்கெட்.

ஐந்து மைதானங்களை இரண்டிரண்டு அணிகள் பகிர்ந்துகொள்கின்றன. சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸில் டைமண்ட்பேக்ஸும் ராக்கீஸும், கிளெண்டேலின் கேமல்பேக் ராஞ்சில் டாட்ஜர்ஸும் வைட் சாக்ஸும், பியோரியாவில் பேட்ரெஸும் மரினர்ஸும், சர்ப்ரைஸில் ராயல்ஸும் ரேஞ்சர்ஸும், குட்இயரில் ரெட்ஸும் கார்டியன்ஸும். "டாட்ஜர்ஸ் மைதானம்தானே" என்று வாங்கிவிட்டு வைட் சாக்ஸ் ஆட்டத்தில் போய் உட்கார வேண்டாம். அட்டவணையில் எந்த அணி ஹோம் என்று இரண்டு முறை பாருங்கள்.

தனி மைதானம் உள்ளவை ஐந்து: மேசாவில் கப்ஸின் ஸ்லோன் பார்க், அதே ஊரில் அத்லெடிக்ஸின் ஹோஹோகம், ஸ்காட்ஸ்டேலில் ஜயண்ட்ஸ், டெம்பியில் ஏஞ்சல்ஸ், பீனிக்ஸின் மேரிவேல் பகுதியில் ப்ரூவர்ஸ்.

அட்டவணையில் அணியின் பெயருக்குப் பக்கத்தில் "எஸ்எஸ்" என்று போட்டிருந்தால், அன்று அந்த அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு இடங்களில் ஆடுகிறது என்று பொருள். வேறு நாள் கிடைத்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பாதி அணியைத்தான் பார்ப்பீர்கள்.

தங்குமிடத்தை இதற்குப் பிறகு பாருங்கள். மேசாவுக்கும் சர்ப்ரைஸுக்கும் நடுவே ஊரின் முழு அகலமும் கிடக்கிறது. மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பல மைதானங்கள் லூப் 101 சாலையை ஒட்டியே இருப்பதால் அதன் பக்கத்தில் அறை எடுத்தால் அலைச்சல் குறையும். கார் இல்லாமல் சமாளிப்பது கடினம்.

4. இப்போது டிக்கெட்: விலைக்கு முன் நிழலைப் பாருங்கள்

பெரும்பாலான ஆட்டங்கள் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும். மார்ச் மாதத்தில் நிழலில் 27, 28 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். வெயில் விழும் இருக்கையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அது வேறு கதை. காற்று வறண்டிருப்பதால் வியர்ப்பதே தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கவில்லை என்பது உறைக்கும். சென்னை வெயில் பழக்கம் என்று நம்பி வருகிறவர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

பொதுவாக ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) பின்னால், கூரைக்குக் கீழே இருக்கும் கடைசி வரிசைகளில் முதலில் நிழல் விழும். அடுத்தது மூன்றாவது பேஸ் பக்கம். முதல் பேஸ் பக்கமும் வலதுபுற மூலையும் கடைசி வரை காயும். பந்து வீச்சைப் படிப்பதற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்புறம்தான் சிறந்தது. பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பது பக்கவாட்டிலிருந்து தெரியாது.

வெளிக்களத்துக்குப் பின்னால் உள்ள புல்மேட்டு டிக்கெட் மலிவு. விரிப்பு போட்டு உட்காரலாம், குழந்தைகள் ஓடி ஆடலாம், ஹோம் ரன் பந்து விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். புல்பென் பக்கத்தில் இடம் பிடித்தால், அடுத்து வரப்போகிற பிட்சர் தயாராவதைச் சில அடி தூரத்திலிருந்து பார்க்கலாம். குடும்பமாக வருகிறவர்களுக்கு முதல் நாள் புல்மேடு, இரண்டாவது நாள் நிழல் இருக்கை என்பது என் யோசனை.

வார நாட்களில் வாங்குங்கள். கப்ஸ் ஆட்டங்களும் டாட்ஜர்ஸ் ஆட்டங்களும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

5. முந்தின இரவு

மறுநாள் வீசப்போகிற பிட்சர்களின் பெயர் ஓரிரு நாள் முன்பே வந்துவிடும். முதன்மைப் பிட்சர்கள் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை வீசுவார்கள். போன முறை எப்போது வீசினார் என்று பார்த்து எண்ணினால் நீங்களே ஊகிக்கலாம். இதிலும் ஒரு விலக்கு உண்டு. எதிரணி தன் பிரிவைச் சேர்ந்ததாக இருந்தால், பருவத்தில் அடிக்கடி மோதப்போகிறவர்களுக்குத் தங்கள் பிட்சரைக் காட்ட அணிகள் விரும்புவதில்லை. அன்றைக்கு அவரை யாரும் பார்க்காத பின்மைதானத்தில் வீசச் சொல்லிவிட்டு, வேறு ஒருவரை அனுப்புவார்கள்.

இரு அணிகளின் பட்டியலையும் எண் வரிசையில் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் கைப்பேசித் திரை தெரியாது.

பையில் வைக்க வேண்டியவை: தொப்பி, சன்ஸ்க்ரீன், பென்சில், ஸ்கோர் கார்டு, பட்டியல், மெல்லிய ஜாக்கெட். ஜாக்கெட் இரவு ஆட்டத்துக்கு. சூரியன் மறைந்ததும் பாலைவனம் சட்டென்று குளிர்ந்துவிடும். பை எந்த அளவில் இருக்கலாம், தண்ணீர் பாட்டில் கொண்டுவரலாமா என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். அந்த மைதானத்தின் பக்கத்தில் படித்துவிடுங்கள். கைப்பேசியில் டிக்கெட்டை வாயிலில் நின்று தேடாமல் வீட்டிலேயே திறந்து பாருங்கள்.

6. காலையிலேயே போய்விடுங்கள்

மைதானத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பயிற்சி மைதானங்கள் இருக்கும். பல முகாம்களில், குறிப்பாக ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தின நாட்களில், காலைப் பயிற்சியை இலவசமாகப் பார்க்கலாம். எந்த நாள், எந்த வாயில் என்பதை அணியின் அறிவிப்பில் பாருங்கள்.

இதைத் தவறவிடாதீர்கள். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் வீரர்) ஒருவர் ஒரே மாதிரி தரைப் பந்தை நாற்பது முறை எடுப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். கால் எங்கே வைக்கிறார், பந்து கையுறையிலிருந்து எறியும் கைக்கு எப்படி மாறுகிறது, பயிற்சியாளர் தணிந்த குரலில் என்ன திருத்துகிறார் என்பதெல்லாம் தொலைக்காட்சியில் ஒருபோதும் கிடைக்காது. பதினொரு மணி வாக்கில் முன்னணி வீரர்கள் உள்ளே போய்விடுவார்கள். எட்டரை, ஒன்பதுக்கே போனால்தான் பலன்.

7. கையெழுத்து வேண்டுமென்றால்

வாயில் திறந்ததும் உங்கள் அணியின் டக்அவுட்டுக்கும் (வீரர்கள் உட்காரும் இடம்) ஃபவுல் லைன் (களத்தின் பக்க எல்லைக் கோடு) மூலைக்கும் இடையே உள்ள கைப்பிடிச் சுவரோரம் நில்லுங்கள். வீரர்கள் உடலைத் தளர்த்த ஓடி முடித்துத் திரும்பும் வழி அதுதான். ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்னும் பின்னுமாகத்தான் பெரும்பாலும் நின்று எழுதிக்கொடுப்பார்கள்.

பந்தில் கையெழுத்து வாங்க நீல நிற பால்பாயிண்ட் பேனா. பட்டையான மார்க்கர் வேண்டாம். தோல் அந்த மையை உறிஞ்சி நாளடைவில் பரவவிட்டுவிடும். தொப்பி, பேஸ்பால் அட்டை, படம் என்றால் மார்க்கர்தான் சரி. மூடியைக் கழற்றி நீட்டுங்கள். வீரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அதற்குத்தான் அச்சடித்த பட்டியல். குழந்தைகளை முன்னால் விடுங்கள்.

8. பென்சிலால் ஸ்கோர் எழுதுங்கள்

புதியவர்கள் இதைத் தேவையில்லாத வேலை என்று நினைக்கிறார்கள். முன்பருவ ஆட்டத்தில் ஒரே மாலையில் ஒரு அணி இருபதுக்கும் மேற்பட்டவர்களை இறக்கிவிடும். எழுதாவிட்டால் ஆறாவது இன்னிங்ஸில் களத்தில் நிற்பது யாரென்றே தெரியாது.

களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது களம் 7, நடுக்களம் 8, வலது களம் 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் போய் இருவர் அவுட்டானால் 6-4-3. அவ்வளவுதான். ஷார்ட்ஸ்டாப்பை 5 என்று நினைத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

ஒவ்வொரு பேட்டரின் கட்டத்துக்குக் கீழேயும் இரண்டு வரி காலியாக விடுங்கள். மாற்று வீரர் வந்ததும் அங்கே எண்ணை எழுதலாம். 80, 90 என்று எண் போட்ட சிலர் உங்கள் பட்டியலில் இருக்கமாட்டார்கள். மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) முகாமிலிருந்து "தேவைப்பட்டால் இருக்கட்டும்" என்று அன்றைக்கு மட்டும் அழைத்து வந்தவர்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

9. முதல் நான்கு இன்னிங்ஸ்: எதை நம்புவது, எதை விடுவது

பிட்சர் ஐந்து ரன் கொடுத்தார் என்றதும் "இந்த வருஷம் அவர் முடிந்தார்" என்று சொல்லிவிடாதீர்கள். அனுபவசாலி ஒருவர் அன்று முழுக்க ஒரே புதிய பந்தை மட்டும் போட்டுப் பழகிக்கொண்டிருக்கலாம். அடிபட்டாலும் அவருக்குக் கவலையில்லை. அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து குறைவாக வளையும், அடித்தால் அதிக தூரம் போகும். பேட்டர்கள் இங்கே பெரிதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பந்தின் வேகத்தைப் பலகையில் பாருங்கள். பிப்ரவரியில் மணிக்கு ஓரிரு மைல் குறைவாக இருப்பது இயல்பு, மார்ச் கடைசியிலும் ஏறவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். அடுத்து, நான்கு பந்தை எல்லைக்கு வெளியே வீசி எத்தனை பேட்டர்களைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புகிறார் என்று எண்ணுங்கள். புதிதாக ஒரு பந்து சேர்த்திருக்கிறாரா என்பதைக் கேட்சர் கையுறை போகும் திசையை வைத்துக் கண்டுகொள்ளலாம்.

பிட்சர் பாதி இன்னிங்ஸில் வெளியேறி அடுத்த இன்னிங்ஸில் திரும்பி வந்தால் திகைக்க வேண்டாம். பருவத்தில் அது கூடாது. இங்கே, ஒரே மூச்சில் அதிகப் பந்து வீச வைக்கக் கூடாது என்பதற்காக அனுமதிக்கிறார்கள்.

பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டினால், நடுவரின் பால்-ஸ்ட்ரைக் முடிவை (பந்து எல்லைக்கு வெளியே போனதா, உள்ளே வந்ததா என்பதை) கேமரா பார்வைக்கு அனுப்பச் சொல்கிறார் என்று பொருள். 2025 முன்பருவத்தில் 13 மைதானங்களில் சோதித்துப் பார்த்த முறை இது, 2026-லிருந்து பருவ ஆட்டங்களிலும் உண்டு. ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு, சரியாகச் சொன்னால் வாய்ப்பு குறையாது. இளைய கேட்சர்கள் எப்போது தட்டுகிறார்கள், எப்போது அடக்கிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

10. ஐந்தாவது இன்னிங்ஸில் எழுந்துவிடாதீர்கள்

நட்சத்திரங்கள் வெளியேறியதும் கூட்டத்தில் பாதி கிளம்பும். நீங்கள் இருங்கள். காலியான முன்வரிசையில் உட்காரலாமா என்று பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள், சில நேரம் சம்மதிப்பார்கள்.

இனி வருகிறவர்கள்தான் 26 பேரில் இடம் கிடைக்குமா என்று தெரியாமல் ஆடுகிறவர்கள். எட்டாவது இன்னிங்ஸில் சாதாரணத் தரைப் பந்துக்கு முதல் பேஸ் வரை உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். அவர்கள் ஒவ்வோர் அசைவையும் பயிற்சியாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஐந்து பெயரில் நடு இரண்டு பேருக்கு விடை கிடைப்பது இந்த நேரத்தில்தான்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து ஸ்கோர் சமமாக இருந்தால் அப்படியே முடித்துவிடுவார்கள். 2023 பிப்ரவரி 25-ம் தேதி ஃப்ளோரிடாவின் நார்த் போர்ட்டில் ரெட் சாக்ஸும் பிரேவ்ஸும் 6-6 என்று இருந்தபோது, கடைசி இன்னிங்ஸில் இருவர் அவுட், மூன்று பேஸிலும் ஆள், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். பேட்டர் நேரத்துக்குள் தயாராகவில்லை என்று நடுவர் மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்து அவரை அவுட்டாக்கினார். ஆட்டம் சமனில் முடிந்தது. நேரக் கடிகாரம் அந்த ஆண்டுதான் அறிமுகம், அந்தத் தப்பைப் பருவத்துக்கு முன்பே செய்து கற்றுக்கொள்ளத்தான் இந்த ஆட்டங்கள்.

வெளியே வந்த பிறகு உடம்பில் தெம்பு இருந்தால், ஆறு ஆறரை மணிக்கு வேறு மைதானத்தில் இரவு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் நான்கு அணிகளைப் பார்த்துவிடலாம்.

11. வீடு திரும்பிய பின்

ஒரு பேட்டர் .400 (பத்துக்கு நான்கு முறை வெற்றிகரமாக) அடித்தார் என்று படித்தால், யாருக்கு எதிராக அடித்தார் என்று கேளுங்கள். பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளம் முன்பருவக் கணக்கில் எதிராளியின் தரத்துக்கு ஒரு மதிப்பெண் தருகிறது. 10 என்றால் மேஜர் லீக் தரம், 8 என்றால் அதற்கு அடுத்த நிலையான டிரிபிள்-ஏ. எண் இறங்க இறங்க அந்த .400-இன் மதிப்பும் இறங்கும்.

12. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்ப்பவர்களுக்கு

அரிசோனாவில் பகல் 1:05 என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1:35. அரிசோனா கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆகவே மாதம் முழுதும் இதே நேரம். ஃப்ளோரிடா மாற்றும். அங்கே 1:05 என்பது முதலில் இரவு 11:35, மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் 10:35. தூக்கம் கெடாமல் பார்க்க ஃப்ளோரிடா ஆட்டம்தான் வசதி.

எல்லா ஆட்டத்துக்கும் படம் வராது. சிலவற்றுக்கு வானொலி வர்ணனை மட்டும்தான் இருக்கும். அட்டவணையில் எது என்று பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள். வர்ணனை மட்டும் என்றால் ஸ்கோர் கார்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். எண்களை எழுதிக்கொண்டே கேட்டால் யார் எங்கே நிற்கிறார் என்பது மனதில் ஓடும்.